மாமாவுக்குக் கட்டிய வெள்ளை

வீட்டில் ஒரு சாமான் உடைந்து கிடந்தால் அதனால் ஒருவருக்கும் பெரிய ஆபத்து இல்லை. அதைத் தன்னால் திருத்த முடியும் என்று நினைக்கிற ஆண்பிள்ளை ஒருவன் அதே வீட்டில் இருந்தால்தான் ஆபத்து. ஒரு காலத்தில் நான் அப்படிப்பட்டவனாக இருந்தேன். இப்போது இல்லை. இப்போது எங்கள் வீட்டில் கதிரைக் கால் ஆடினால்கூட என் மனைவி முதலில் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் தச்சனைக் கூப்பிடுவாள். (தச்சன் போகும்வரை நான் திரும்பி வரக்கூடாது என்பதும் சொல்லாத சட்டம்.)

அப்போது நான் கண்டியில் ஒரு கந்தோரில் சின்னக் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவன். அம்மாவின் தமையன் வீட்டில் தங்கியிருந்தேன். அவர்தான் தம்பையா மாமா. நாவலப்பிட்டியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்ஷன் எடுத்தவர். பென்ஷன் எடுத்த எங்கள் ஆட்கள் ஊருக்குப் போய்க் கல்வீடு கட்டுவார்கள். மாமா கண்டியிலேயே இருந்துகொண்டு கார் வாங்கினார். சீமைக்குத் திரும்பிப் போன பன்வில தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப் போன பழைய கார். கூரை போட்டு மூடியது. மாமாவுக்கு ஓட்டத் தெரியாது. பின் சீட்டில் ஏறியிருந்து, பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்து, "லைன் கிளியர்!" என்பார். அதன் பிறகுதான் நான் காரை எடுக்க வேண்டும். முன்னால் மாடு நின்றாலும் லைன் கிளியர்தான்.

என்னைக் கண்டிக்கு அனுப்பியதில் அம்மாவுக்கு ஒரு உள்நோக்கம் இருந்தது. அந்த உள்நோக்கத்தின் பெயர் பூரணம். மாமாவின் ஒரே மகள். முறைப்பெண். மாமிக்குச் சம்மதம், அம்மாவுக்குச் சம்மதம், எனக்கு எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு வராமல் நின்றிருப்பேன். பூரணம் மட்டும் என்னைக் கண்டால் சிரிப்பாள். அது என்ன வகைச் சிரிப்பு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மாமா ஒன்றுமே சொல்லாமல் சிவப்புக் கொடியைப் பிடித்தபடி இருந்தார். "பொடியன் படிச்சவன்தான். ஆனால் கையால ஒரு வேலை தெரியுமோ?" என்று ஒருநாள் மாமியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அன்று தொடக்கம் அந்த வீட்டில் ஏதாவது உடையாதா என்று நான் ஆவலோடு காத்திருந்தேன்.

காரின் உள்ளே, இருப்பவர்களின் தலைக்கு மேலே, கூரையோடு சேர்த்து இழுத்து அடித்த துணி ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அதை மேல்சீலை என்போம். கண்டி மழையும் பனியும் சேர்ந்து அதை உக்க வைத்திருந்தன. நடுவில் தொய்ந்து, கஞ்சி வடிக்கிற துணி மாதிரித் தொங்கியது. முன்னால் இருக்கிற எனக்கு அதனால் தொல்லையில்லை. பின்னால் இருக்கிற மாமாவின் மொட்டைத் தலையில் அது வந்து படியும். பள்ளம் வந்தால் தலையைத் தட்டும், வளைவு வந்தால் தடவும். மாமா அதைக் கண்டுகொள்ளவில்லை. தலைமயிர் போன பிறகு தலையில் ஏதாவது படிவது அவருக்கு ஆறுதலாக இருந்ததோ என்னவோ!

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் அந்தத் தொய்வுக்குள் குடியிருந்த பல்லி ஒன்று, சீலை கிழிந்த இடத்தால் நழுவி, நேரே மாமாவின் உச்சந்தலையில் விழுந்தது.

மாமி அன்றைக்கே பஞ்சாங்கத்தை எடுத்தாள். பல்லி விழும் பலன் பக்கத்தை விரித்தாள். தலைக்கு நேரே போட்டிருந்ததை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிய விதத்திலேயே எங்களுக்குப் பலன் விளங்கிவிட்டது.

"உது சும்மா கதை," என்றார் மாமா. "பல்லிக்கு என்ன தெரியும், என்ர தலையோ ஆற்ர தலையோ எண்டு?"

"நீங்கள் இந்தக் கிழமை நாவலப்பிட்டிக்குப் போக வேண்டாம்."

"போகாட்டில் பல்லி கோவிக்காதோ?"

மாமா போகத்தான் போனார். ஸ்டேஷனிலிருந்து எட்டத் தள்ளி ஒரு தோட்டத்தில் அவருடைய சிநேகிதர் கிளாக்கராக இருந்தார். அவர் வீட்டில் இரண்டொரு நாள் நிற்பது என்று ஏற்பாடு. ரயில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நான் திரும்பி வாற அண்டைக்குக் கார் ஸ்டேஷனுக்கு வர வேணும். மேல்சீலை என்ர தலையில படக்கூடாது. ஒரு சீலையை நேராப் பிடிக்கத் தெரியாதவன் ஒரு குடும்பத்தை எப்பிடிப் பிடிக்கிறது?"

ரயில் போய்விட்டது. நான் பிளாட்போமிலேயே நின்றேன். சிவப்புக் கொடி இறங்குகிற நேரம் வந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. பூரணம் எனக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஒரு உக்கின துணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் லீவு போட்டேன். வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. தொய்ந்த துணியை மேலே தள்ளிப் பிடித்து, கூரையில் உள்ள மரச்சட்டங்களில் ஆணி அடித்தால் முடிந்தது. (இதற்கெல்லாம் ஆட்கள் காசு வாங்குகிறார்களே என்று அன்று காலை நினைத்தேன்.) கடைத்தெருவில் காசிம் நானாவின் இரும்புக் கடைக்குப் போனேன்.

"கூரைக்கு அடிக்க ஆணி வேணும் நானா."

"எவ்வளவு நீளம் தம்பி?"

"எவ்வளவு நீளம் நல்லது?"

"ஆணிண்டா நீளமா ஈக்கணும். கட்டை ஆணி ரெண்டு நாளைக்கி. நீள ஆணி மவுத்தாகிற வரைக்கும் நிக்கும்."

சாகும்வரை நிற்கிற ஆணி என்பது ஆழமான கருத்தாக இருந்தது. நீள ஆணியே வாங்கினேன்.

மத்தியானத்துக்குள் அடித்து முடித்தேன். உள்ளே பார்த்தால் மேல்சீலை ஓரளவு நேராக இருந்தது. பெருமையோடு வெளியே வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். அப்போதுதான் காரின் கூரை கண்ணில் பட்டது. அந்தக் காலத்துக் காருக்குக் கூரை முழுதும் தகரம் இல்லை. நடுவில் மெல்லிய சட்டங்களுக்கு மேலே தார்ச்சீலை மாதிரி ஒன்றை இழுத்து விட்டிருப்பார்கள். நான் அடித்த ஆணிகள் எல்லாம் அதைத் துளைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தபடி நின்றன. கார் ஒரு பெரிய பலாப்பழம் மாதிரி இருந்தது.

சரி, ஆணிகளைப் பிடுங்கி விடலாம் என்று குறட்டை எடுத்து வருவதற்கிடையில் மழை தொடங்கிவிட்டது. கண்டி மழை சொல்லிவிட்டு வருவதில்லை. கார் முற்றத்தில் நின்றது. கூரையில் விழுந்த தண்ணீர் எல்லாம் ஆணி ஓட்டைகளால் உள்ளே இறங்கி, நான் இறுக்கி அடித்த மேல்சீலைக்குள் தேங்கியது. சீலை மெல்ல மெல்ல வயிறு வைத்தது. உள்ளே போய் அதை அண்ணாந்து பார்த்தேன். ஒரு விரலால் தொட்டால் எந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது என்று தெரியும் என நினைத்தேன். தொட்டேன்.

பிறகு நான் காரை விட்டு இறங்கியபோது என் கழுத்தைச் சுற்றி மேல்சீலையில் பாதி கிடந்தது. மற்றப் பாதி சீட்டில். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த பூரணம் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்தச் சிரிப்பு என்ன வகை என்பது அன்று விளங்கியது. ஆனால் அவள் மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே நான் அவளுக்கு இன்றுவரை கடமைப்பட்டவன்.

காரைத் தள்ளிக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். நாளைக்குக் காலை ரயிலில் மாமா வருகிறார். புதுத் துணி வேண்டும். அதைச் சுருக்கம் இல்லாமல், ஆணி தெரியாமல் இழுத்துக் கட்ட ஒருவர் வேண்டும். அப்போதுதான் எனக்குச் செல்லையாண்ணையின் நினைவு வந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் விசேஷம் என்றால் வெள்ளை கட்டுவது வழக்கம். வீட்டுக்குள்ளே கூரை தெரியாதபடி வெள்ளைத் துணிகளைச் சேர்த்து இழுத்துக் கட்டி மறைத்துவிடுவார்கள். அதைக் கட்டுவது ஊருக்குச் சலவை செய்கிறவரின் உரிமை. அவர் கட்டினால் தலைக்கு மேலே பால் ஊற்றி வைத்த மாதிரி இருக்கும். கண்டியில் எங்கள் ஆட்களுக்கு உடுப்பு வெளுத்துத் தந்தவர் செல்லையாண்ணை. ஸ்டேஷன் உத்தியோகத்தர்களின் வெள்ளைக் கோட்டுகளும் அவரிடம்தான். வீட்டுக் கூரைக்குக் கட்டுகிறவருக்குக் கார்க் கூரை எம்மாத்திரம்!

ஒன்றை மட்டும் நான் மறந்துவிட்டேன். வெள்ளை கலியாணத்துக்கும் கட்டுவார்கள், செத்தவீட்டுக்கும் கட்டுவார்கள். என் தலை நிறையக் கலியாணமே இருந்தபடியால் மற்றது நினைவுக்கு வரவில்லை.

கெட்டம்பேயில் ஆற்றோரமாக இருந்த அவர் வீட்டுக்கு நனைந்தபடியே போனேன். அண்ணை இல்லை. அவர் மனைவி அன்னமக்கா ஸ்திரிக்கைப் பெட்டியோடு நின்றா. தகரக் கூரையில் மழை கொட்டியது. கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"என்ன தம்பி, முகம் இப்பிடிக் கிடக்கு?"

"வெள்ளை கட்ட வேணும் அக்கா. அண்ணையை விடியவே வரச்சொல்லுங்கோ."

அக்கா ஸ்திரிக்கைப் பெட்டியைக் கீழே வைத்தா. "ஆருக்குத் தம்பி?"

"வேற ஆருக்கு, மாமாவுக்குத்தான்."

(காருக்கு என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் கண்டியில் எங்கள் ஆட்களுக்குள் மாமா என்றால் கார், கார் என்றால் மாமா.)

"ஐயோ... நல்லதுக்கோ தம்பி, கெட்டதுக்கோ?"

"கெட்டதுக்குத்தான். இது ஒழுங்கா முடிஞ்சால் பேந்து நல்லதைப் பாக்கலாம்."

"எப்ப நடந்தது?"

"இண்டைக்கு மத்தியானம். கனநாளா இழுத்துக்கொண்டு கிடந்ததுதானே. நான் கை வைச்சன், அதோட முடிஞ்சுது."

அக்காவின் கண் கலங்கியது. மாமாவுக்குச் சலரோகம் என்பது ஊருக்கே தெரியும். 'கிடந்தது', 'முடிஞ்சுது' என்று நான் மாமாவை அஃறிணையில் சொன்னதைக்கூட அவ பெரிதாக எடுக்கவில்லை. துக்கத்தில் நிற்கிறவனிடம் யார் இலக்கணம் பார்ப்பார்கள்!

"வீட்டம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. தெரிஞ்சால் குளறுவா. நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நாளைக்கு ரயிலால வர முன்னம் எல்லாம் கட்டி முடிஞ்சிருக்க வேணும்."

"நான் அவரிட்டைச் சொல்லுறன் தம்பி. நீங்கள் மனத்தைத் தளர விடாதேங்கோ. எல்லாம் விதி."

ஒரு காருக்காக இவ்வளவு இரக்கப்படுகிற பெண்ணும் இருக்கிறாளே என்று நெகிழ்ந்துபோய்த் திரும்பினேன். அன்று பின்னேரம் அக்கா ஸ்டேஷன் குவாட்டர்ஸுக்கு உடுப்புக் கொடுக்கப் போனா. ஒருத்தருக்கும் சொல்லவில்லை. தந்திக் கிளாக்கரின் மனைவிக்கு மட்டும் சொன்னா.

விடிந்ததும் நான் கொட்டிலுக்குள் போய், காரில் மிச்சம் இருந்த ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு செல்லையாண்ணைக்குக் காத்திருந்தேன். அவர் நேரத்துக்கே வந்திருக்கிறார். முறைப்படி முன்வாசலால் வந்திருக்கிறார். யாரையும் கூப்பிடாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடத்து மேசையில் ஏறி வேலையைத் தொடங்கியிருக்கிறார். மாமி குசினியிலிருந்து கோப்பிக் கோப்பையோடு வந்து அண்ணாந்து பார்த்தாளாம். கூடத்துக் கூரை பாதி வெள்ளையாகிவிட்டது. செல்லையாண்ணை மேசையில் நின்றபடியே, "அம்மா..." என்றாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பல்லி முதலே சொல்லிவிட்டது.

கோப்பை உடைந்த சத்தமும் மாமியின் குரலும் கேட்டு நான் குறட்டோடு ஓடினேன். மாமி நிலத்தில் கிடந்தாள். பூரணம் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேலே வெள்ளை. இவர் இடத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டு வீட்டுக்குக் கட்டுகிறாரே என்றுதான் முதலில் நினைத்தேன். "இஞ்சை இல்லை அண்ணை, அங்கை" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செல்லையாண்ணை இறங்கி வந்து என்னைக் கட்டிப் பிடித்தார்.

"தம்பி! மாமா எங்களை விட்டிட்டுப் போட்டாரே!"

நான் நம்பினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது; ஆனால் உண்மை அதுதான். மாமி அழுகிறாள், பூரணம் அழுகிறாள், ஸ்டேஷன் வீடுகளின் செய்தி புதினம் எல்லாம் தெரிந்த செல்லையாண்ணை சொல்கிறார். நம்பாமல் என்ன செய்வது! எனக்கு அந்தக் கணம் முதலில் தோன்றியது, "இனி மாமா காரைப் பற்றிக் கேட்க மாட்டார்" என்பது. அப்படி ஒரு பிறவி நான். அடுத்ததாக, நான் முதன்முதல் கண்டி ஸ்டேஷனில் வந்து குளிரில் நடுங்கியபோது மாமா தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி, "யாழ்ப்பாணத்துக் கத்தரிக்காய் இஞ்சை வாடிப்போகும்" என்று சொல்லி என்னைச் சுற்றி விட்டது நினைவுக்கு வந்தது. அந்தச் சால்வை இன்னும் என் கட்டிலில்தான் கிடந்தது. அவர் கேட்டு வாங்கவே இல்லை. அதன் பிறகு நான் அழுத அழுகைக்கு அந்த வீட்டில் ஈடு இல்லை. மாமியே ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

அயலார் வரத் தொடங்கினார்கள். ஸ்டேஷன் ஆட்கள் வந்தார்கள். பிரேதம் எங்கே என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். "ரயிலால வருதாம்," என்றார் செல்லையாண்ணை. "நேற்று மத்தியானம் முடிஞ்சுதாம். கனநாளா இழுத்துக்கொண்டு கிடந்தவராம்."

பூரணம் தலையை நிமிர்த்தினாள். "அப்பா நேற்று முந்தநாள்தானே வடை கட்டிக்கொண்டு போனவர். எங்கை இழுத்தவர்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தான், உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எனக்கோ? மாமி அழுதா. செல்லையாண்ணை சொன்னார்."

"அம்மாவுக்கு?"

"வெள்ளையைக் கண்டனான் பிள்ளை," என்றாள் மாமி.

"செல்லையாண்ணை, உங்களுக்கு?"

"அன்னம் சொன்னவள் பிள்ளை."

"அன்னமக்காவுக்கு ஆர் சொன்னது?"

செல்லையாண்ணை என்னைப் பார்த்தார். கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையில் இன்னும் குறடு இருந்தது.

"நான்தான்," என்றேன்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். முதல் ஆணியிலிருந்து கடைசிச் சொல் வரை சொன்னேன். சொல்லிக்கொண்டே போகும்போது என் மண்டைக்குள் மெல்ல விடிந்தது. நான் சொல்லித்தான் மாமா செத்தார் என்றால், மாமா சாகவில்லை! எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. செத்தவீட்டின் நடுவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். வந்த ஆட்களில் ஒருவர், "பொடியனுக்கு அதிர்ச்சியில விசர் பிடிச்சிட்டுது, தண்ணி குடுங்கோ," என்றார்.

"அப்ப ஐயா சாகேல்லையோ?" என்று கேட்டார் செல்லையாண்ணை.

"இல்லை அண்ணை, கார்தான்."

மாமி மட்டும் சிரிக்கவில்லை. "பல்லி விழுந்ததுதானே," என்றாள். அந்தச் சொல்லோடு என் சிரிப்பும் அடங்கிவிட்டது. நான் சாகடிக்கவில்லை என்பதற்காக அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தமில்லையே. தந்தி அடித்துக் கேட்கலாம் என்றார் ஒருவர். பூரணம், "ரயில் வரட்டும்," என்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லோரும் வெள்ளையின் கீழ் அப்படியே இருந்தோம். என் வாழ்நாளில் ரயில் ஊதுகிற சத்தத்துக்கு அப்படிக் காத்திருந்ததில்லை. அது ஊதியும்விட்டது. ஊதிய பிறகு காத்திருந்ததுதான் அதைவிடக் கஷ்டம்.

வாசலில் ரிக்ஷா மணி கேட்டது.

"கார் எங்கை? ஸ்டேஷனில கால் கடுக்க நிண்டனான்!"

அந்தக் குரலைப் போல இனிமையான ஒன்றை நான் பிறகு கேட்டதில்லை. மாமா கோபத்தில் சிவந்து, குடையை ஊன்றிக்கொண்டு, முழு உயிரோடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மலர்வளையம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கம்பளையில் இருக்கிற பழைய ரயில்வே கார்ட் கந்தப்பிள்ளை.

மாமி எழுந்து ஓடினாள். ஊர் ஆட்களுக்கு முன்னால் மாமாவின் கையைப் பிடித்தாள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் அல்ல. எவ்வளவோ சொல்ல நினைத்திருப்பாள். வாயில் வந்தது, "சாப்பிட்டனீங்களோ?" என்பது மட்டும்தான். நான் அலுமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். அன்று அழுததில் வெட்கம் இல்லாத அழுகை அது ஒன்றுதான்.

ரயிலில் நடந்ததை மாமாதான் பிறகு சொன்னார். கம்பளையில் கந்தப்பிள்ளை ஏறி எதிர் சீட்டில் இருந்தாராம். அவருக்குக் கண் பார்வை மட்டு. மலர்வளையம் வேறு முகத்தை மறைத்தது.

"எங்கை காணும் பயணம், பூவும் கையுமா?" என்று மாமா கேட்டார்.

"கண்டிக்கு. எங்கட தம்பையா போட்டாராம். தந்தி ஆபீஸால கேள்விப்பட்டனான்."

"எந்தத் தம்பையா?"

"நாவலப்பிட்டியில மாஸ்டரா இருந்தவர். நல்ல மனுசன் காணும். வாய்தான் பொல்லாதது."

பேராதனை வரும்வரை மாமா தன் பெயரைச் சொல்லாமலே அந்தக் கடைசிச் சொல்லுக்காகச் சண்டை பிடித்தாராம். ரயில் ஏறும்போது நாவலப்பிட்டித் தந்திக் கிளாக்கர் தன்னைக் கண்டதும் ஏன் கதவைப் பூட்டினார் என்பதும் அதற்குப் பிறகுதான் அவருக்கு விளங்கியது.

மாமா அண்ணாந்து வெள்ளையைப் பார்த்தார். "இது ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் ஐயா," என்றார் செல்லையாண்ணை, தலையைச் சொறிந்துகொண்டு.

"வடிவாத்தான் கட்டியிருக்கிறாய்." பிறகு என்னைத் தேடினார். "மருமோனே, கார்?"

கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊரும் கூட வந்தது. மாமா கூரையைப் பார்த்தார். நான் பிடுங்காமல் மிஞ்சிய ஆணிகளைப் பார்த்தார். உள்ளே எட்டி, சீட்டில் தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தார். ஒரு ஆணியின் கூர் முனையை விரலால் தொட்டும் பார்த்தார். நான் என் பெட்டியை எப்போது கட்டுவது, எந்த ரயிலில் ஊருக்குப் போவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது. "கட்டின வெள்ளையைச் சும்மா அவிழ்க்கக் கூடாது."

"என்ன?" என்று மாமா திரும்பினார்.

"ஒண்டில் செத்தவீடு, இல்லாட்டில் கலியாணவீடு. ரெண்டில ஒண்டு நடக்காமல் வெள்ளையை அவிழ்த்தால் வீட்டுக்குக் கூடாது."

"ஆர் சொன்னது?"

மாமி செல்லையாண்ணையைப் பார்த்தாள். செல்லையாண்ணை இம்மியும் முகம் மாறாமல், "ஓம் ஐயா, அப்பிடித்தான்," என்றார்.

மாமா கூடத்துப் பக்கம் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார், பிறகு என்னை. "உங்களுக்காக நான் இப்ப உடன சாகேலாது," என்றார்.

"அப்ப மற்றதை வையுங்கோ," என்றாள் மாமி.

பூரணம் உள்ளே ஓடிவிட்டாள். இந்த முறை சிரித்தாளா என்று தெரியவில்லை. யன்னல் சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

இப்படி ஒரு சம்பிரதாயம் உண்டா என்று பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. செல்லையாண்ணையும் ஒருநாள், "அம்மா சொன்னாப் பிறகுதான் தம்பி எனக்கும் தெரியும்," என்றார். மாமி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வரும்வரை அந்த வெள்ளை அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. குசினிப் புகையில் மங்கிய துண்டுகளைச் செல்லையாண்ணை ஒவ்வொன்றாக மாற்றிக் கட்டினார். மிஞ்சிய துணியில் காருக்கும் ஒரு மேல்சீலை தைத்து, சட்டத்தோடு இழுத்துக் கட்டித் தந்தார். ஆணி ஓட்டைகளை மாமா தானே தார் பூசி அடைத்தார். என்னைத் தார் வாளிக்குக் கிட்டவும் விடவில்லை. மாமா செத்தாரென்று கட்டிய வெள்ளையின் கீழே எனக்கும் பூரணத்துக்கும் கலியாணம் நடந்தது. கந்தப்பிள்ளையும் வந்திருந்தார். வந்தவர்களிடமெல்லாம், "நான் இந்த வீட்டுக்குச் செத்தவீட்டுக்கு வந்தனான், கலியாணச் சோறு சாப்பிடுறன்," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாமா அதன் பிறகு நெடுங்காலம் இருந்தார். பல்லியைப் பற்றி மாமி வாயே திறப்பதில்லை. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் யாராவது பூரணத்திடம், உங்கள் கலியாணம் எப்போது நடந்தது என்று கேட்டால், அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "அப்பா செத்தாப் பிறகு," என்பாள்.

வந்தவர்கள் திகைத்துப்போய், பக்கத்துக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும் மாமாவைப் பார்ப்பார்கள். மாமா பேப்பரை இறக்காமலே சொல்லுவார்:

"ஓம், ஓம். நான் உயிரோட இருந்திருந்தால் சம்மதிச்சிருக்க மாட்டன்."